அரைமணித் தொலைவில் ஓர் அயலூர்



பயணக் கட்டுரைகள் என்றால் எனக்குத் தீராத ஆசை. 1930களின் பிற்பகுதியில் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிப் பல நாடுகளில் அலைந்த ஏ. கே. செட்டியார் முதல், முதுகில் ஒரு பையுடன் பிராகு, ரோம், லிஸ்பன் என்று தனியே சுற்றிவரும் இன்றைய இளையோர் வரை யார் எழுதினாலும் தேடிப் படிப்பேன். காலையில் ஒரு பழைய தேவாலயம், நண்பகலில் பெயர் தெரியாத தெருவில் ஓர் உணவு, மாலையில் ஆற்றங்கரையில் சற்று நேரம். அப்படி ஒரு பயணத்துக்காகச் சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்தும் வந்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை வந்தது. சேமிப்பு அதற்குப் பயன்பட்டது. அதில் வருத்தம் ஏதுமில்லை. ஆசை மட்டும் அப்படியே இருந்தது.

இந்நிலையில் வகுப்பில் ஒன்று நடந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘நான் சென்ற சுற்றுலா’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். இருபத்திரண்டு கட்டுரைகள் வந்தன. லங்காவித் தீவு, கேமரன் மலை, கோலாலம்பூர்க் கோபுரங்கள். ஒரு மாணவியின் தாளில் மட்டும் ஒரே ஒரு வரி: ‘நான் எங்கும் சென்றதில்லை.’ நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மையால் ‘முயற்சி செய்க’ என்று எழ்திக் கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். எந்த முயற்சியைச் செய்யச் சொன்னேன் என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன். விடை கிடைக்கவில்லை.

அடுத்து வந்த பள்ளி விடுமுறையில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஐரோப்பிய நகரத்தில் எப்படிச் சுற்றுவேனோ, அப்படியே ஜார்ஜ்டவுனில் இரண்டு நாள் தனியாகச் சுற்றுவது. என் வீட்டிலிருந்து பேருந்தில் அரைமணி நேரம்தான். ஆயினும் சூலியா தெருவில் ஒரு பழைய கடைவீட்டு விடுதியில் அறை எடுத்தேன். “சொந்த ஊரில் அறையெடுத்துத் தங்கும் முதல் ஆள் நீதான்” என்று தம்பி சிரித்தான்.

முதல் நாள் காலை. 1786இல் இத்தீவில் வந்திறங்கிய பிரான்சிஸ் லைட் முதலில் வகுத்த நகரத்துக்கு எல்லையாக அமைந்தவை நான்கு தெருக்கள்: லைட், பீச், பிட், சூலியா. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்று அழைத்தனர். அந்த நான்கில் ஒரு தெரு நம்மவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. இதை நான் நூலில் படித்திருக்கிறேன்; அத்தெருவில் நின்று ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

பிட் தெரு இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பெயரைக் கொண்டிருக்கிறது. அத்தெருவில் வடக்கிலிருந்து நடந்தால் முதலில் புனித ஜார்ஜ் தேவாலயம். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடத்தை எழுப்பியதில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு கலந்திருக்கிறது. அடுத்து ஊதுபத்திப் புகை சூழ்ந்த குவான் யின் கோயில். பின்னர் 1801இல் தொடக்கம் கண்ட பள்ளிவாசல். அருகே குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் ஆலயம். பதினைந்து நிமிட நடையில் நான்கு வழிபாட்டு இடங்கள்! 2008இல் யுனெஸ்கோ இந்நகரையும் மலாக்காவையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்ததன் பொருள் அந்த நடையில்தான் எனக்கு விளங்கியது.

நண்பகலில் பசித்தது. உண்மையைச் சொல்கிறேன்: ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு கடையில் தனியாக அமர்ந்து உண்டேன். “யாராவது வர்றாங்களா, அக்கா?” என்று பரிமாறுபவர் இருமுறை கேட்டார். யாருமில்லை என்று இரண்டாம் முறை சொன்னபோது என் கூச்சம் போய்விட்டது. நாசி கண்டார் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித்தண்டு. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற உணவு அது. மீன் குழம்பும் கோழிக் குழம்பும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றில் ஊற்றப்பட்டன. பேச யாருமில்லாததால் நாக்கு தன் வேலையை மட்டும் பார்த்தது. வெந்தயத்தின் கசப்பு எங்கே முடிந்து புளி எங்கே தொடங்கியது என்பதுகூடத் தெரிந்தது.

மாலையில் பீச் தெருவின் முனையிலுள்ள மணிக்கூண்டின் அருகே நின்றேன். விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியின் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் அறுபது அடி உயரத்தில் எழுப்பப்பட்டது. லிஸ்பனிலிருந்து தனியே வந்திருந்த ஓர் அம்மையார் என்னிடம், “இது ஏன் சற்றுச் சாய்ந்திருக்கிறது?” என்று கேட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். ஆம், சாய்ந்துதான் இருந்தது! நூறு முறையாவது அவ்வழியே சென்றிருப்பேன். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் விளைவு அது என்பதைப் பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். “நீங்கள் எந்த ஊர்?” என்று அவர் கேட்டபோது, “இந்த ஊர்தான்” என்று சொல்ல நாணமாக இருந்தது.

இரண்டாம் நாள் லிட்டல் இந்தியாவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பூக்கடையின் ஓரத்திலிருந்து “டீச்சர்!” என்று குரல் கேட்டது. அந்த ஒற்றை வரி எழுதிய மாணவி, சிறு முக்காலியில் அமர்ந்து நூலில் மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாயார் அங்குதான் பூக்கட்டுகிறார். பள்ளி முடிந்ததும் இரவு வரை அவளுக்கும் இடம் அதுதான்.

“தனியாவா வந்தீங்க, டீச்சர்?”

“ஆமாம். ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தேன்.”

அவள் தாயாரிடம் அனுமதி பெற்றுக்கொண்டு என்னுடன் கிளம்பினாள். அடுத்த ஒரு மணி நேரம் அவள்தான் எனக்கு வழிகாட்டி. குவான் யின் கோயில் வாசலில் புறாக்கள் எந்நேரத்தில் கூட்டமாக இறங்கும், ஊதுபத்தி விற்கும் சீனப் பாட்டி யாருக்கு ஆரஞ்சுப் பழம் கொடுப்பார், சூலியா தெருவின் நாகூர் தர்காவில் அம்மா ஏன் சர்க்கரை வைத்து வேண்டிக்கொள்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. “பெரிய கப்பல் வர்ற நாளைக்கு அம்மா கூடுதலாச் சரம் கட்டுவாங்க. வெள்ளைக்காரங்க வாங்கித் தலையில வைக்காம கழுத்துல போட்டுக்குவாங்க” என்று சொல்லிச் சிரித்தாள்.

எங்கும் செல்லாத பிள்ளை! உலகம் அவளுடைய முக்காலியைத் தேடி வந்து போய்க்கொண்டிருக்கிறது. அது எழுதத்தக்க செய்தி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான். நானோ தலைப்பிலேயே அவளை வெளியில் நிறுத்திவிட்டேன்.

விடுமுறைக்குப் பின் அதே வகுப்புக்கு வேறொரு தலைப்புக் கொடுத்தேன்: ‘எங்கள் தெருவுக்கு வந்த விருந்தினர்.’ அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ஒற்றுப்பிழைகள் ஒன்பது இருந்தன. பழைய தாளைக் கேட்டு வாங்கி, என் சிவப்பு வரியை அவள் முன்னிலையில் அடித்தேன். “பரவாயில்ல, டீச்சர்” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்தேன்.

பெற்றோர்களே, விமானச் சீட்டு வாங்க முடியாததை எண்ணிப் பிள்ளைகளிடம் குற்றவுணர்வு கொள்ளாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு தெரு, அங்கே ஓர் உணவு, வீடு திரும்புமுன் விடை தேட வேண்டிய ஒரு கேள்வி. இது போதும். ஆசிரிய நண்பர்களே, சுற்றுலாக் கட்டுரைத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதுமுன், அதை எழுத முடியாத பிள்ளை வகுப்பில் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஐரோப்பா? ஆசை இன்னும் இருக்கிறது. மீண்டும் சேமிக்கத் தொடங்கியிருக்கிறேன். லிஸ்பனில் ஏதேனும் ஒரு கோபுரம் சாய்ந்திருந்தால் இம்முறை நானே கண்டுபிடித்துவிடுவேன் என்று நம்புகிறேன்.

அன்புடன், உங்கள் தமிழாசிரியை.