வெயில் மயக்கம் என்றேன்

கண்டிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 15 வயதுக்குட்பட்ட றக்பி அணிக்கு நான் பயிற்றுநராக இருந்தேன். போட்டி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பையனின் தலையில் அடிபட்டதைக் கண்ணால் கண்டேன். கண்டும் அவனை ஆட விட்டேன். பிறகு அவன் தாயிடம் பொய் சொன்னேன்.

தவறு போட்டிக்கு முன்பே தொடங்கிவிட்டது. பந்தோடு ஓடும் எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் டக்கிளைப் பழக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இருவரும் முழங்காலில் நின்று பழக வேண்டும், அதன்பின் நடந்து, அதன்பின் மெல்ல ஓடி. கண் திறந்திருக்க வேண்டும், கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும். ஒரு காலை எதிராளிக்கு நன்றாகக் கிட்ட வைத்து, தோளை அவன் தொடையில் பதித்து, இரு கைகளாலும் இறுகச் சுற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம் தலை இருக்கும் இடம். அது ஓடுபவனின் பின்பக்கத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். முன்னால் போனால் அவன் முழங்காலோ இடுப்பெலும்போ நேரே மண்டையில் மோதும். ஆகவே இரண்டு தோளுக்கும் சமமாகப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் கைவராத தோளைத் தவிர்த்துக் கைவந்த தோளாலேயே பாய்வார்கள்.

அடிபட்ட பையனுக்கு இடது தோளால் டக்கிள் செய்ய வராது. எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பழக்க வேண்டிய நேரத்தையெல்லாம் லைன்அவுட்டுக்கும் பந்து கடத்தும் நகர்வுகளுக்கும் கொடுத்தேன். அவைதான் போட்டியன்று பார்ப்பவர் கண்ணில் படும், கைதட்டு வாங்கித் தரும்.

அன்று எதிரணி விங்கர் அவனுக்கு இடப்பக்கமாக ஓடி வந்தான். இவன் வலது தோளால் பாய்ந்தான், தலை முன்னால் போனது. எழுந்தவன் தள்ளாடி நடந்து எதிரணியின் வரிசையில் போய் நின்றான்.

"தம்பி, ஸ்கோர் என்ன?"

"ஓகே சேர்."

நான் கேட்டதற்கு அது பதிலே அல்ல. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், அன்று திரும்ப இறக்கவே கூடாது என்பதுதான் விதி. தொலைக்காட்சியில் பெரிய வீரர்கள் வெளியே போய்த் திரும்பி வருவது மருத்துவர் சோதித்த பிறகு. எங்கள் மைதானத்தில் மருத்துவர் இல்லை, நான்தான் இருந்தேன். மூன்று புள்ளி பின்னால் இருந்தோம், ஒரு ட்ரை வைத்தால் ஐந்து கிடைக்கும், முந்திவிடலாம். நல்லா ஆடு என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

வட அயர்லாந்தில் 2011இல் பென் றொபின்சன் என்ற 14 வயதுச் சிறுவன், பள்ளிப் போட்டி ஒன்றில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடி, மேலும் அடிபட்டு இறந்தான். முதல் அடி ஆறுமுன் விழும் அடுத்த அடி மூளையை வீங்க வைத்துக் கொல்லக்கூடும். அவனைப் பற்றி நான் முன்னரே வாசித்திருந்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்கள் பையன் பிழைத்தான். ஆட்டம் முடிந்ததும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தான். "வெயில் மயக்கம்தான் அம்மா, தூங்கினா சரியாகிடும்" என்றேன் அவன் தாயிடம். வாரக்கணக்கில் தலைவலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை, புத்தகம் திறக்க முடியவில்லை. பிறகு அவன் மைதானத்துக்கு வரவேயில்லை. அவனுக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டது என்று சக ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தேன்.

அண்மையில்தான் வீட்டுக்குப் போய் அந்தத் தாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா டொக்டர்கிட்ட காட்டியிருப்பேனே சேர்" என்றார்.

காட்டியிருப்பார். டொக்டர் பார்த்தால் அடுத்த போட்டிக்கு அவனை விடமாட்டார் என்பது தெரிந்துதான் நான் சொல்லாமல் விட்டேன்.