நரம்பு எடுத்த பிறகும்

பகல் பத்து, முதல் நாள்

ஆடியில் ரூட் கேனால் செய்து ஆவணியில் கேப் போட்ட இடது மேல் கடைவாய்ப் பல் மறுபடி வலிக்கிறது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. குழைந்த சாதம், இட்லி எல்லாம் தொந்தரவில்லாமல் இறங்குகின்றன. வறுத்த வேர்க்கடலை ஒன்று சரியாக அதன் மேல் அகப்பட்டால் வலி கன்னத்து எலும்பு வரை ஏறுகிறது. பிறகு அரை நாளுக்கு அந்தப் பக்கமே கனத்துக் கிடக்கிறது.

சிகிச்சை செய்த இடத்துக்குப் போன் செய்தேன். “நரம்பையே எடுத்தாச்சே மேடம், இனிமே வலிக்க வாய்ப்பே இல்லை” என்றார்கள். வலிக்கிறது என்று சொல்கிறவளுக்கு இது ஒரு பதிலா? அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

பகல் பத்து, நான்காம் நாள்

காலையில் ஸ்ரீரங்கம் கோயில் அர்ஜுன மண்டபத்தில் நம்பெருமாளைச் சேவித்துவிட்டு, பஸ் பிடித்து சத்திரம் பேருந்து நிலையம், அங்கிருந்து ஆட்டோவில் தில்லைநகர். வேர் சிகிச்சைக்கென்றே தனியாக மேற்படிப்பு படித்த டாக்டர், சின்ன வயதுப் பெண். எக்ஸ்-ரேக்கு முன்னால் கேள்விகள் கேட்டார். கடிக்கும்போது மட்டுமா? சூட்டுக்கா, குளிருக்கா? ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிறதா? சளி பிடித்திருக்கிறதா? பிறகு வாய்க் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாக மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “இதுதான் இல்லம்மா?” என்றார். வேறெதையும்விட அந்தக் கேள்வி எனக்கு ஆறுதலாக இருந்தது.

நரம்பு எடுத்த பல் எப்படி வலிக்கும் என்று கேட்டேன். பல்லுக்குள் இருக்கும் கூழில்தான் நாம் சொல்கிற ‘நரம்பு’ இருக்கிறது. சிகிச்சையில் எடுப்பது அதை மட்டும்தான். வேரைச் சுற்றி, பல்லையும் எலும்பையும் பிணைத்து ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதற்குத் தனி நரம்புகள். வேர் நுனியில் கிருமி தங்கினால் அந்தச் சவ்வும் அதையொட்டிய எலும்பும் புண்ணாகும், கடித்தால் வலிக்கும். சிகிச்சை முடிந்து சில நாள் வலிப்பது இயல்பு, தானாக அடங்கிவிடும். கேப் ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் வலிக்கும். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லித் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. மாதங்கள் கழித்து வருகிற வலிக்குத்தான் காரணம் தேட வேண்டும் என்றார். ஈறோரம் கம்பி விட்டு அளந்து, வேரில் விரிசல் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். சி.பி.சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

பகல் பத்து, ஏழாம் நாள்

ஸ்கேனில் பல்லைக் குறுக்கே வெட்டினாற்போல் பார்க்க முடிகிறது. மூன்று வேர். மூன்று வெள்ளைப் புள்ளிகள். வேர்க் கால்வாய்களில் முன்பு அடைத்த கட்டாபெர்ச்சா. கன்னப் பக்க முன் வேரில், வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கறுப்புப் புள்ளி. அது நாலாவது கால்வாய், யாரும் தொடாதது. அந்த வேரின் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து கறுப்பாக ஒரு வட்டம்.

மேல் முதல் கடைவாய்ப் பல்லில் இந்த நாலாவது கால்வாய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டாம். மிகக் குறுகல், வாசல் மேலே பல் திசு மூடியிருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் பார்த்தால் தப்பிவிடுவது எளிது. தப்பியதை நான் குறை சொல்லவில்லை. வலிக்கிறது என்றவளை வரச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

இத்தனை நாள் மெடிக்கலில் வாங்கிப் போட்ட ஆன்டிபயாடிக் ஏன் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. கூழ் எடுத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை ரத்தத்தோடு போய் எப்படி அந்த இடத்தைத் தொடும்?

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள்

தெருவில் கூட்டம் வடியவில்லை. அம்மா மண்டபம் ரோட்டில் பூக்காரம்மாவிடம் நின்று பேசியதில் ஒன்று தெரிந்தது. அவருக்கும் ரூட் கேனால் ஆகி, வலி நிற்காமல், அந்தப் பல்லையும் பக்கத்துப் பல்லையும் பிடுங்கியிருக்கிறார்கள். அப்புறமும் நிற்கவில்லை. முகம் கழுவினால், காற்று பட்டால், கன்னத்தில் கரண்ட் அடித்தது போல் சில விநாடி. கடைசியில் பெரியாஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் பார்த்து, அது முக நரம்பு வலி, பல்லுக்குச் சம்பந்தமே இல்லை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். இப்போது தேவலை. “ரெண்டு பல்லு போனதுதான் மிச்சம்க்கா” என்றார். சைனஸ், தாடைத் தசை, முக நரம்பு எல்லாமே பல்வலியாக வேஷம் கட்டும். பல்லைப் பிடுங்குமுன் கன்னத்தையும் தாடையையும் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்க எத்தனை நேரம் ஆகிவிடும்?

இராப்பத்து, மூன்றாம் நாள்

கேப்பைக் கழற்றி, ரப்பர் திரை கட்டி, நுண்ணோக்கிக்குக் கீழே வேலை. பழைய அடைப்பைச் சுரண்டி எடுத்து ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக, நூல் கனத்தில் சின்னத் துண்டுகள். மலாய்க் காட்டு மரத்தின் பால் அது. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதைத்தான் உறையாகப் போட்டார்கள், தண்ணீர் புகாமல். நாலாவது வாசல் தெரிந்ததும் டாக்டர் “வந்துட்டான்” என்றார். கழுவி, சுண்ணாம்புச் சேர்மான மருந்து வைத்து மூடியிருக்கிறார். தை பிறந்து நிரந்தரமாக அடைக்க வேண்டும்.

இராப்பத்து, ஏழாம் நாள்

தன்வந்திரி சந்நிதி. பாழாகிக் கிடந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் மீண்டும் எடுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்ததை இந்தக் கோயிலின் 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்குள்ளேயே நோயாளிக்கு இடம் வைத்த ஊர் இது. இன்று ஒரு பல்லுக்கு இரண்டாம் முறை பணம் கட்ட வழியில்லாதவர் பிடுங்கிக்கொண்டு போகிறார். எனக்கு முடிந்தது, செய்துகொண்டேன். அது மனத்தை உறுத்துகிறது.

தை, கனுவுக்கு மறுநாள்

நாலு கால்வாயும் அடைத்தாயிற்று. தட்டினால் வலியில்லை. கரைந்த எலும்பு கூடி வர ஆறு மாதம், ஒரு வருஷம்கூட ஆகலாம். ஆனியில் மறுபடி எக்ஸ்-ரே.

திரும்பும்போது ஆட்டோக்காரத் தம்பி என் வீங்கிய உதட்டைப் பார்த்து விசாரித்தார். அவருக்கும் கீழ்ப் பல்லில் ரூட் கேனால் ஆகியிருக்கிறது, கேப் போடக் காசில்லை, தற்காலிகச் சிமெண்ட் விழுந்து வலி திரும்பிவிட்டது. நாளைக்குப் பிடுங்கப் போவதாகச் சொன்னார். மேலே திறந்து கிடந்தால் எச்சில் வழியாகக் கிருமி மறுபடி இறங்கும், விரிசல் இல்லையென்றால் திரும்பச் செய்து காப்பாற்றலாம் என்று டாக்டரிடம் கேட்டதைச் சொன்னேன். புதுக்கோட்டையில் 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது, ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றேன். திங்கட்கிழமை போகிறேன் என்றிருக்கிறார். பழைய எக்ஸ்-ரேயைக் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். ஞாயிறு சாயங்காலம் போன் செய்து ஞாபகப்படுத்த வேண்டும்.