வாசனைக்கு மார்க் இல்லை
சாண்டா பார்பரா ஆர்க்கிட் கண்காட்சிக் குறிப்புகள்

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஆர்க்கிட் கண்காட்சி 1945இல் தொடங்கியது. மார்ச் மாதத்தில் மூன்று நாள் நடக்கும். இடம் எர்ல் வாரன் ஷோகிரவுண்ட்ஸ். மற்ற நாட்களில் அங்கே குதிரைப் போட்டியும் ரோடியோவும் நடக்கின்றன. 2017 டிசம்பரில் தாமஸ் காட்டுத்தீ பரவியபோது சுற்றுவட்டாரத்துக் குதிரைகளை ஓட்டிவந்து கட்டியதும் இங்கேதான். அந்த வளாகத்து மண்டபத்தில் எல்லா வகை ஆர்க்கிட்டும் வரும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் உரிமையோடு பேசுவது சிம்பிடியத்தைப் பற்றி.

*

ஏன் சிம்பிடியம்? பெரிய பூ விடும் வகைகளின் சொந்த இடம் இமயமலைச் சரிவு, வடகிழக்கு இந்தியா, மியான்மர், வியட்நாம் மலைகள். கோடையில் நல்ல வெளிச்சமும் மழையும், அது முடிந்ததும் குளிர்ந்த இரவும் அவற்றுக்குப் பழக்கம். கோடை ஓய்கிற சமயத்தில் இரவு வெப்பம் 13, 14 டிகிரிக்காவது இறங்கினால்தான் பூந்தண்டு கிளம்பும். சாண்டா பார்பராவில் பசிபிக் காற்று இரவைக் குளிர வைத்துவிடுகிறது, உறைபனியோ அபூர்வம். ஹீட்டர் வேண்டாம், கண்ணாடிக் கூடம் வேண்டாம். கொல்லையில் ஒரு நிழல்வலை போதும்.

ஆசையாக வாங்கிவந்து சென்னையில் வைத்தவர்கள் வருடக்கணக்கில் இலையையே பார்த்துக்கொண்டிருப்பதும் இதனால்தான். உரத்தில் குறையில்லை, தண்ணீரில் குறையில்லை, இரவுதான் கிடைக்கவில்லை.

*

ஊருக்கு மேற்கே கடலோரத்தில் டாஸ் பியூப்லோஸ் என்ற பெரிய பண்ணை. சிக்னல் ஆயில் நிறுவனத்தைத் தொடங்கிய சாமுவேல் மோஷர் 1940களில் அதை வாங்கி சிம்பிடியம் போட்டார். ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆர்க்கிட் தோட்டங்களில் ஒன்று அது. எண்ணெய்ப் பணத்தில் எழுந்த பூந்தோட்டம்.

அன்று வியாபாரம் கார்சேஜை நம்பி நடந்தது. ஈஸ்டர், அன்னையர் தினம், பள்ளி நடனம் என்றால் பெண்கள் உடையில் குத்திக்கொள்ள ஒரு பூ வேண்டும். சிம்பிடியத்தின் இதழ் தடிப்பு. பறித்தாலும் சீக்கிரம் துவளாது. செடியிலேயே விட்டால் எட்டு வாரம் வரைகூட நிற்கும். ஆக, ஆரம்பத்திலிருந்தே இந்தப் பூவுக்கு விலை கொடுத்தது அதன் வாடாமைக்கும் தோற்றத்துக்கும்.

*

எந்த ஆர்க்கிட் கண்காட்சியானாலும் திறப்பதற்கு முந்தின நாள்தான் சுவாரசியம். முதலில் பலகைப் பெட்டிகளைப் படி படியாக அடுக்கி, கறுப்புத் துணி போர்த்துவார்கள். அதன்மேல் தொட்டிகள். பிறகு தொட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாதபடி பாசியும் மரப்பட்டைத் துண்டும் போட்டு மூடுவார்கள். மறுநாள் வருபவர் கண்ணுக்கு அது மலைச்சரிவில் தானாக வளர்ந்த பூங்காடு.

வேனிலிருந்து செடி இறங்கும்போது பார்க்க வேண்டும். பூவுக்கும் பூவுக்கும் நடுவே பஞ்சு அடைத்திருக்கும். ஓர் இதழ் இன்னொன்றின் மேல் உரசினால் அந்த இடம் கன்றிப்போகும். நடுவர் கண்ணில் அதுதான் முதலில் படும். அதே வண்டியில் வழிச் சாப்பாட்டுக்கு என்று ஆப்பிளோ வாழைப்பழமோ வைத்துவிடக் கூடாது. பழம் பழுக்கும்போது விடுகிற எத்திலீன் வாயு பூவைக் கிழடாக்கிவிடும்.

தண்டு நிமிர்ந்து நிற்பது பழக்கினதால். இளந்தண்டாக இருக்கும்போதே மூங்கில் குச்சி நட்டு, வளர வளர மெல்லக் கட்டிக்கொண்டே போக வேண்டும். மொட்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பவும் கூடாது. பூக்கள் வெளிச்சத்தைப் பார்த்து முகம் வைக்கும். நடுவில் திருப்பினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். தொட்டி விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்து, இடம் மாற்றினாலும் அந்தப் பக்கமே வெளிச்சத்துக்கு வைப்பவர்கள் உண்டு.

*

மார்க் கணக்கு. அமெரிக்க ஆர்க்கிட் சங்கம் 1921இல் பிறந்தது. அவர்கள் பூவுக்கு 100க்கு மார்க் போடுவார்கள். வடிவத்துக்கு 30, நிறத்துக்கு 30. மீதி 40 அளவு, இதழின் தடிப்பு, தண்டு, பூக்களின் எண்ணிக்கை, அவை வரிசையாக நிற்கும் அழகு இவற்றுக்கெல்லாம் பிரித்துப் போகும். 75 வந்தால் எச்.சி.சி. என்ற விருது, 80 வந்தால் ஏ.எம்., 90 தொட்டால் எஃப்.சி.சி. அந்த எழுத்துகள் அன்றிலிருந்து செடியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும், பட்டம் வாங்கியவர் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதைப் போல. சிம்பிடியத்துக்கென்றே 1946இல் தொடங்கிய தனிச் சங்கமும் உண்டு. அது வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் கொடுக்கிறது.

அரங்க அலங்காரத்துக்குத் தனிக் கணக்கு. அதில் பெயர்ச்சீட்டைச் சரியாக எழுதியதற்கே மார்க் உண்டு. எழுத்துப் பிழைக்கும் மார்க் போகிற பூக்காட்சி!

நடுவர்கள் கையில் சின்ன டார்ச், அளவுகோல். இதழின் அகலத்தை மில்லிமீட்டரில் சொல்ல, ஒருவர் எழுதிக்கொள்கிறார். குனிந்து முகர்ந்து பார்த்தவரும் உண்டு. ஆனால் அதை எழுதிக்கொள்ளக் கட்டம் இல்லை.

*

அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓர் அம்மா. ஆளுயரத்துக்கு நின்ற வெள்ளைச் சிம்பிடியத்தின் பக்கத்தில் மூக்கை வைத்து இழுத்துப் பார்த்தார்.

“என்னடி இது, வாசனையே இல்லை?”

“அம்மா, தொட்டுடாதீங்க. போர்டு வெச்சிருக்காங்க பாருங்க.”

“தொடலை. வாசனைதான் பார்த்தேன். இவ்வளவு பெரிசா பூத்து என்ன பிரயோஜனம்? தலையில வெச்சாலும் வெச்சது தெரியாது.”

மண்டபத்தில் அன்று கேட்ட விமர்சனங்களில் நேரான விமர்சனம் இதுதான்.

*

வாசனை எங்கே போனது? செடியின் வம்சாவளியில் பதில் இருக்கிறது.

முதல் கலப்பினச் சிம்பிடியம் பூத்தது இங்கிலாந்தில், வீச் குடும்பத்து நர்சரியில், 1889இல். ஒரு பக்கம் எபர்னியம்: வெள்ளைப் பூ, நல்ல மணம், ஆனால் தண்டுக்கு ஒன்றிரண்டுதான். இன்னொரு பக்கம் லோவியானம்: பச்சைப் பூ, நீளத் தண்டு, உதடு எனப்படும் நடு இதழில் சிவப்புப் பட்டை, மணம் கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியட்நாமிலிருந்து இன்சிக்னே வந்தது. நிமிர்ந்த தண்டு, வெள்ளையில் இளஞ்சிவப்பு, பூ ஏராளம். அதற்கும் மணம் இல்லை.

இம்மூன்றும் கலந்து பிறந்தது 1911இல் பதிவான அலெக்ஸாண்டரி. சர் ஜார்ஜ் ஹோல்ஃபோர்டின் வெஸ்டன்பர்ட் தோட்டத்தில் எச்.ஜி. அலெக்ஸாண்டர் உருவாக்கியது. அந்தக் கலப்பில் வந்த ஒரு செடி மட்டும் மற்றவற்றைவிட அகன்ற, தடித்த இதழோடு நின்றது. அதற்கு ‘வெஸ்டன்பர்ட்’ என்று பெயர், எஃப்.சி.சி.யும் கிடைத்தது. சாதாரணச் சிம்பிடியத்துக்கு 40 குரோமோசோம் என்றால் இதற்கு 80 என்பது பிற்பாடு தெரிந்தது. பெரிய வெள்ளையும் இளஞ்சிவப்பும் எங்கே நின்றாலும் பரம்பரையைத் தோண்டினால் பெரும்பாலும் இந்தச் செடியில் போய் முட்டும்.

நடுவருக்குப் பிடித்த பூ பரிசு வாங்குகிறது. பரிசு வாங்கிய பூவே அடுத்த தலைமுறைக்குத் தாயாகவோ தகப்பனாகவோ ஆகிறது. அப்படி நூறு ஆண்டாக வட்டமும் அகலமும் தடிப்பும் தேர்வாகிக்கொண்டே வந்தன. எபர்னியத்தின் மணத்தை யாரும் வேண்டாமென்று தள்ளவில்லை, கேட்கவுமில்லை. கேட்காததை வளர்ப்பவர் ஏன் காப்பாற்றப் போகிறார்?

*

“பூவைத் தொடாதீர்கள்” என்ற பலகைக்கு நல்ல காரணம் உண்டு. சிம்பிடியத்தின் நடுவே ஒரு தூண். அதன் நுனியில் மகரந்தத்தை மூடிய சின்னத் தொப்பி. விரல் பட்டு அந்தத் தொப்பி கழன்றால், வண்டு வந்துபோய்விட்டது என்று பூ கணக்குப் போட்டுவிடுகிறது. ஓரிரு நாளில் வெள்ளை உதடு சிவக்கும். பிறகு இதழும் சீக்கிரம் சுருங்கும். பல வாரம் நிற்க வேண்டிய பூவின் ஆயுள் ஒரு குழந்தையின் சுண்டுவிரலில் முடிந்துபோகும். கண்காட்சியின் கடைசி நாள் கீழ்வரிசையில், குழந்தைகளுக்கு எட்டும் உயரத்தில், சிவந்த உதடுகள் தட்டுப்பட்டால் அதுதான் சங்கதி.

*

முன்பெல்லாம் பரிசு பெற்ற செடி வேண்டுமானால் அதன் குமிழ் ஒன்றைப் பிரித்து வாங்க வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு குமிழ்தான் புதிதாக வரும். விலை எக்கச்சக்கம். 1960இல் பிரான்சில் ஜார்ஜ் மொரெல், குருத்தின் நுனித் திசுவை மட்டும் எடுத்துச் சோதனைக் குழாயில் வளர்த்து வைரஸ் இல்லாத சிம்பிடியத்தை உண்டாக்கிக் காட்டினார். அவர் நோக்கம் நோய் நீக்குவது. விளைந்தது வேறு: ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் அச்சு அசலாக அதே செடி.

ஏழை பணக்காரர் எல்லோருக்கும் பரிசுப் பூ கிடைத்தது, நல்லதுதான். எல்லோர் மேசையிலும் ஒரே பூ வந்து நின்றதும் அதனால்தான்.

வைரஸ் ஒழியவுமில்லை. சிம்பிடியம் மொசைக் வைரஸ் கத்தியில் ஒட்டிக்கொண்டு செடிக்குச் செடி போகும். ஒரு தொட்டியை வெட்டிப் பிரித்ததும் கத்தியை நெருப்பில் காட்டாமல் அடுத்ததைத் தொடுபவரிடம் செடி வாங்காதீர்கள்.

*

கிழக்காசியச் சிம்பிடியங்களைக் கூட்டம் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. புல்லைப் போல மெல்லிய இலை, மங்கலான சிறு பூ. பக்கத்தில் போனால்தான் மணம் பிடிபடும். சீனாவில் இந்தச் செடிகளைப் பற்றி ஜாவ் ஷிகெங் 1233இலேயே நூல் எழுதியிருக்கிறார். அங்கே முதல் கேள்வி மணம். பிறகு இலையின் வளைவு. பூவின் அளவை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதே பேரினம்தான், பார்ப்பவர் வேறு விதமாகக் கேட்டதால் செடி வேறு விதமாக வளர்ந்திருக்கிறது.

இந்த வகையில் ஒன்றான என்சிஃபோலியத்தைப் பெரிய பூவோடு கலந்து வந்தது ‘கோல்டன் எல்ஃப்’. மஞ்சள் பூ, நல்ல மணம், வெப்பத்தையும் தாங்கும். சூடான ஊர்க்காரர்கள் முயன்று பார்க்க ஏற்றது.

*

சிம்பிடியம் என்ற பேரினத்துக்கு அடிப்படையாக வைத்திருப்பது நம் பக்கத்துச் செடியை. அலோய்ஃபோலியம்: கற்றாழை மாதிரித் தடித்த இலை, கீழே தொங்கும் கொத்து, வெளிர் மஞ்சளில் அரக்குக் கோடு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து மரங்களில் வெயிலில் வளரும். கொச்சியில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ நூலின் 12ஆம் தொகுதியில், 1693இல், காஞ்சிர மரத்தில் ஒட்டி வளர்வது என்று படத்தோடு இருக்கிறது. காஞ்சிரம் என்றால் எட்டி மரம். அந்தப் படத்தை வைத்து லின்னேயஸ் 1753இல் பெயரிட, 1799இல் ஸ்வார்ட்ஸ் சிம்பிடியம் என்ற பேரினத்தை வகுத்தார்.

சாண்டா பார்பராவின் பிரம்மாண்டங்களுக்கு நடுவே இதை வைத்தால் 100க்கு எவ்வளவு தேறும் என்று யோசித்துப் பார்த்தேன். வடிவத்திலேயே தோற்றுவிடும்.

*

சாண்டா பார்பராவுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் கார்ப்பின்டெரியா. வரிசை வரிசையாகப் பசுமைக்குடில்கள். 1991இல் வந்த ஆண்டியன் வர்த்தகச் சலுகைச் சட்டத்துக்குப் பிறகு கொலம்பியா, ஈக்வடார் பூக்கள் வரியில்லாமல் வந்து குவிய, இங்கே பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. 2016 நவம்பர் வாக்கெடுப்பில் கலிஃபோர்னியா கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதும் பூக்குடில்களில் பல கஞ்சாக் குடில்களாயின. அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தார் கூட்டம் கூட்டமாகப் புகார் சொன்னது நாற்றத்தைப் பற்றி. பூ வளர்ந்த காலமெல்லாம் அந்தப் பள்ளத்தாக்கில் வாசனை ஒரு பேச்சாகவே இருந்ததில்லை.

*

விற்பனை மேசைக்குப் போகிறவர்களுக்கு. பூத்த செடியையே வாங்குங்கள், படத்தை நம்பாதீர்கள். பெயர்ச்சீட்டில் பெற்றோர் பெயர் இருக்கிறதா பாருங்கள். குமிழ் கெட்டியாக இருக்க வேண்டும். இலையில் கறுப்புத் திட்டும் வெளிர் கோடும் இருந்தால் விட்டுவிடுங்கள். மணம் பார்க்க வேண்டுமென்றால் காலையில், வெயில் ஏறி மண்டபம் சூடான பிறகு பாருங்கள். குளிரில் மணக்கிற பூவும் மணக்காது.

*

டோக்கியோ டோமில் 1991இல் தொடங்கிய பெரிய ஆர்க்கிட் விழாவில் வாசனைக்கு என்று தனிப் போட்டியே வைத்தார்கள். ஆக, முகர்ந்து மதிப்பிட முடியாது என்ற சாக்கு செல்லாது.

விதை போட்டுப் பூப் பார்க்க ஐந்தாறு ஆண்டு ஆகும். 100இல் ஐந்து மார்க்கை வாசனைக்கு ஒதுக்கினால் போதும். வளர்ப்பவர்கள் நாளைக்கே எபர்னியத்தையும், மணமுள்ள இன்னொரு வகையான டிரேசியானத்தையும் தேடி எடுத்துக் கலக்க ஆரம்பிப்பார்கள். மூன்று தலைமுறை, இருபது ஆண்டுக்குள் பெரிய வெள்ளைப் பூவும் மணக்கும். அந்த ஐந்து மார்க்கை வடிவத்தின் முப்பதிலிருந்து எடுக்கலாம். வட்டம் போதுமான அளவு வட்டமாகிவிட்டது.