மலை தாண்டினா கோட்டயம்... கடல் தாண்டினா?

குற்றால சீஸனுக்கு கேங்கோட கிளம்பியாச்சா? மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு ஒரு ரவுண்டு. தலை துவட்டினதும் பார்டர் புரோட்டா, நாட்டுக்கோழி. அதெல்லாம் உங்க பாடு. இந்தத் தடவை கூடவே ஒரு நாள் சேர்த்து வெச்சுக்கோங்க. மலைக்கு அந்தப் பக்கமும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்.

முதல்ல தென்காசி. பராக்கிரம பாண்டியன் 15-ம் நூற்றாண்டில் கட்டிய காசி விஸ்வநாதர் கோயிலின் கோபுர வாசல்ல நின்னு பாருங்க. காத்து ஆளையே தள்ளும். மேற்கே மலைத்தொடர்ல செங்கோட்டை கணவாய் இருக்கு. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளி வழியா நம்ம பக்கம் நுழையுது. குற்றாலத்துச் சாரலும் அதோட தயவுதான்.

ரயிலும் அதே வழிதான். செங்கோட்டையிலேர்ந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர் மலைப்பாதை. 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய இந்தப் பாதையை, அகலப் பாதையா மாத்தி 2018-ல் மறுபடி திறந்தாங்க. குகைகள், கழுதுருட்டி பக்கத்துல 13 கண் பாலம்... ஜன்னல் சீட்டை விட்டுடாதீங்க. கொல்லத்துல வண்டி மாறினா கோட்டயம். கீது அன்னா ஜோஸ் அந்த மாவட்டத்துப் பொண்ணு.

யார் அவர்னு கேக்கறீங்களா? பாஸ்கெட்பால்ல இந்திய அணிக்கு கேப்டனா இருந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம். நீங்க வந்த ரயிலை ஓட்டுற அதே தெற்கு ரயில்வேயில வேலை பார்த்துக்கிட்டே ஆடியவர்.

ரயில்வே வேலை கிடைச்சா வாழ்க்கை செட்டில்னு நம்ம வீடுகள்ல சொல்வாங்க இல்லையா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அந்த வேலை வந்ததும், பல பேரோட ஆட்டமும் அங்கேயே செட்டில் ஆகிடும். கீது அப்படி உட்காரலை. 2006-ல் ஆஸ்திரேலியா போய், விக்டோரியா மாநிலத்தின் 'பிக் வி' லீக்கில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்காக இறங்கினார். 2008 வரை அங்கே ஆடினார். 1985-ல் பிறந்தவர். போனப்போ கிட்டத்தட்ட உங்க வயசு!

2011-ல் அடுத்த தாவல். பெண்கள் பாஸ்கெட்பாலுக்கு உச்சின்னு சொல்ற அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கில் அப்போ மொத்தமே 12 அணிகள். அதுல சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ்னு 3 அணிகள் இவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டன. போனார். இடம் கிடைக்கலை.

அத்தோட கதை முடிஞ்சிடுச்சா? இல்லை. திரும்பி வந்து இந்தியாவுக்காகத் தொடர்ந்து ஆடினார். 2014-ல் அர்ஜுனா விருது வந்தது.

உள்ளூர்ல 6 அடி 2 அங்குலம்னா எல்லாரும் அண்ணாந்து பார்ப்பாங்க. அமெரிக்காவுல அந்த உயரத்துக்கு மேலேயும் ஆளுங்க நிக்கிறாங்க. நம்ம உயரம் என்னன்னு அங்கே போய் நின்னாதான் தெரியும். தைரியமா போய் நிக்கறதுக்கு, கீழே ஒரு வேலை தாங்கிப் பிடிச்சா நல்லதுதான். அந்த வேலை காலைக் கட்டிடாம இருக்கணும், அவ்வளவுதான்.

உங்க காலேஜ் கோர்ட்டுல தினமும் சாயங்காலம் தனியா பந்து தட்டிக்கிட்டிருக்கிற பொண்ணு ஒருத்தி இருப்பா. "ஒரு வேலை கிடைச்சாப் போதும்ல?"னு அவகிட்ட கேக்காதீங்க. "வேலை கிடைச்சதும் எங்கே போய் ஆடப் போறே?"னு கேளுங்க.