தோட்டம் போனது, பள்ளி நிற்கிறது

சிரம்பானிலிருந்து பேருந்து ஏறினால் சிறிது நேரத்தில் செனாவாங் வந்துவிடும். நெடுஞ்சாலைச் சாவடி, ரயில் நிலையம், தொழிற்பேட்டை, வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள். பால்மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் செனாவாங் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் ‘தோட்டம்’ என்ற சொல் இன்னும் அழியாமல் இருக்கிறது.

வாசகர்களே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் நம் பாட்டன் பூட்டன் கதை இருக்கிறது.

தோட்டப் பள்ளிகளைத் துரைமார் மனமிரங்கிக் கட்டினார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டத்துக்குப் பயந்து பல தோட்டங்களில் லயத்துக் கோடி அறையோ, ஆயாக்கொட்டகையின் ஒரு பாதியோ பள்ளியானது. கிராணியோ கங்காணியோ வாத்தியாரானார். பெரும்பாலும் நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதன் பிறகு பிள்ளையின் கைக்குப் பால்வாளி வந்தது.

1942இல் ஜப்பானியர் வந்தனர். தகப்பன்மார் பலர் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். அந்தத் துன்பத்துக்குப் பிறகும் பள்ளிகள் எழுந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1962இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீங்கியது. ஆனால் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின. குடும்பங்கள் மூட்டை கட்டின. இன்று இருப்பவை 520க்குச் சற்று மேல்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டப் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறேன். முகவரி என்ற இடத்தில் லயத்து எண். தந்தை தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாகப் ‘பால்மரம் வெட்டு’. பின்னால் வரவர தாமான் பெயர்களும் தொழிற்சாலை வேலைகளும் வருகின்றன. வேறு சரித்திரப் புத்தகம் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு செய்தியைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பகுதி உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தருவது. நிலமோ பல இடங்களில் தோட்டத்துடையது. தோட்டம் கைமாறினால் பள்ளி அடுத்தவர் நிலத்தில் நிற்கும். அப்படி நின்ற பள்ளிகள் பல, பழைய பெயரோடு புதிய குடியிருப்புகளுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டன. பிழைப்பதற்குப் பிள்ளைகள் வேண்டும். 150 பேருக்குக் குறைந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

ஆகவே, லயத்தை விட்டுத் தாமானுக்குப் போகும்போது சாமான்களோடு பள்ளியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி எது என்று முதலில் விசாரியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போய், “நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஒருமுறை பேத்தியைச் சேர்க்க ஒரு பெரியவர் வந்தார். பாரத்தை நீட்டியதும் மை டப்பாவைத் தேடினேன். அவர் சிரித்தார். “வேண்டாம் சார், கையெழுத்துப் போடுவேன். நாலாம் வகுப்பு, தோட்டத்துப் பள்ளிக்கூடம்” என்றார்.

தலை குனிந்து பேனாவை நீட்டினேன். அவர் எழுத்து என் எழுத்தைவிட அழகாக இருந்தது.