மனைவி போற கிளாசுக்கு நானும் போனேன்

கொஞ்சம் நீளமான த்ரெட். காபியோட உக்காந்து படிங்க. நடுவுல மருத்துவம் வரும், குடும்பச் சண்டையும் வரும்.

என் வயசு 48. பொது மருத்துவர். இருபது வருஷமா எதிர்ல உக்கார்ற எல்லார்கிட்டயும் "தினமும் அரை மணி நேரம் நடங்க"ன்னு சொல்லிட்டு இருக்கேன். நான் நடக்கிறது கார்ல இருந்து லிஃப்ட் வரைக்கும்தான். ராத்திரி ஒன்பதரைக்கு ஓபி முடியும். வர்ற வழியில பரோட்டா. வீட்டுக்கு வந்து போன், அப்புறம் தூக்கம். சட்டையை இன் பண்றதை விட்டே நாலு வருஷம் ஆச்சு, காரணம் உங்களுக்கே தெரியும்.

மனைவி வங்கியில வேலை பார்க்கிறாங்க. ரெண்டு வருஷமா வாரத்துல நாலு நாள், காலைல அஞ்சரை மணிக்கு ஒரு குரூப் கிளாசுக்குப் போறாங்க. ஒரு பழைய குடோன், தரையில ரப்பர் மேட், சுவர்ல ஒரு வெள்ளை போர்டு, பதினஞ்சு இருபது பேர். நான் அதுக்கு வச்ச பேரு "காசு குடுத்து அடி வாங்குற இடம்". வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த ஜோக்கைச் சொல்லுவேன். அவங்க ஒரு நாளும் சிரிச்சதில்லை. நான் அதைக் கவனிச்சதும் இல்லை.

ஒரு ஞாயித்துக்கிழமை கேஸ் சிலிண்டர் வந்துச்சு. கேஸ் 14.2 கிலோ, சிலிண்டரோட எடையும் சேர்த்தா கிட்டத்தட்ட 30 கிலோ. தூக்கப் போனேன், இடுப்புல ஒரு "சுருக்". அப்படியே குனிஞ்ச நிலையில நின்னுட்டேன். அவங்க வந்தாங்க, முட்டியை மடக்கி உக்காந்தாங்க, தூக்கினாங்க, சமையலறைக்குள்ள போயிட்டாங்க. ஒரு வார்த்தை பேசல.

அன்னைக்கு ராத்திரி சொன்னேன்: "நானும் வரேன். ஆறு வாரம் முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்." கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "சரி, வாங்க"ன்னாங்க. அந்தக் கொஞ்ச நேர அமைதியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

முதல் நாள் போனதும் கையில ஒரு படிவம் குடுத்தாங்க. நெஞ்சு வலி வந்திருக்கா, மயக்கம் வந்திருக்கா, பிபி இருக்கா, குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல மாரடைப்பு வந்திருக்கான்னு ஏழெட்டு கேள்வி. நான் பாட்டுக்கு எல்லாத்துக்கும் "இல்லை"ன்னு டிக் அடிச்சிட்டே போனேன். பக்கத்துல இருந்து எட்டிப் பார்த்த மனைவி மெதுவா கேட்டாங்க, "ஏங்க, மாமா எப்படிப் போனாங்க?"

அப்பா போனப்ப அவருக்கு 52. பல் விளக்கிட்டு வந்து "நெஞ்சு கரிக்குது"ன்னாராம். அம்மா மோர் கலக்கிக் குடுத்தாங்க. நான் அப்ப எம்பிபிஎஸ் மூணாவது வருஷம், ஹாஸ்டல்ல இருந்தேன். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயசுக்குள்ள மாரடைப்பு வந்திருந்தா அது உங்களுக்கு ஒரு ஆபத்துக் காரணின்னு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். அதே கேள்விக்கு "இல்லை"ன்னு டிக் அடிச்சிருக்கேன். பொய் சொல்லணும்னு நினைச்சுகூட அடிக்கல. கை தானாப் போச்சு. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு.

"கடைசியா எப்ப சார் பிபி பார்த்தீங்க?"ன்னு கோச் கேட்டான். இருபத்தாறு வயசுப் பையன். தினமும் அறுபது பேருக்கு பிபி பார்க்கிற எனக்குப் பதில் தெரியல. "செக் பண்ணிட்டு வாங்க சார், அடுத்த வாரம் ஆரம்பிச்சுக்கலாம்"னு படிவத்தைத் திருப்பிக் குடுத்துட்டான். கோபம் வந்துச்சு. ஆனா அவன் செஞ்சதுதான் சரி.

கிளினிக்ல நர்சம்மா பார்த்தாங்க: 156/98. அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு மறுபடியும் பார்த்தா 152/96. ஒரு வாரம் வீட்டுலயே காலையும் மாலையும் எடுத்த சராசரி 148/94. எச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தின படி. நோயாளியா இருந்தா நான் ஒரு லெக்சரே குடுத்திருப்பேன். மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பேரை எழுத மாட்டேன், நீங்களா கடையில வாங்கிப் போட்டுக்குவீங்க.

கூடப் படிச்ச இதய மருத்துவர்கிட்ட எக்கோவும் டிரெட்மில் டெஸ்ட்டும் எடுத்தேன். நார்மல். ஒரு விஷயம் சொல்லணும். டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னா அது வாழ்நாள் கேரண்டி இல்லை. ரத்த ஓட்டத்தைக் குறைக்கிற அளவுக்குப் பெரிய அடைப்பைத்தான் அது காட்டும். சின்னதா இருக்கிற கொழுப்புப் படிவு திடீர்னு வெடிச்சு மாரடைப்பு வர்றதை அது முன்கூட்டியே சொல்லாது. அதனால பயிற்சியில நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, கண்ணு இருட்டிட்டு வர்றதுன்னு எது வந்தாலும் நிறுத்திடுங்க. "இன்னும் ஒரு ரவுண்டுதானே"ன்னு நினைக்காதீங்க. வருஷக்கணக்கா உக்காந்தே இருந்துட்டு ஒரே நாள்ல முழு வேகத்துல இறங்குறவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். வாரா வாரம் பழகுறவங்களுக்கு அது நல்லாவே குறையும்.

"அடுத்த வாரம்" ஒரு மாசமாச்சு. பிபி 130க்குக் கீழ வந்த பிறகு போனேன்.

போர்டுல எழுதியிருந்தது: 12 நிமிஷம், எத்தனை ரவுண்டு முடியுமோ அத்தனை. பத்து பர்பி, பதினஞ்சு ஸ்குவாட், 200 மீட்டர் ஓட்டம். பர்பின்னா குனிஞ்சு, படுத்து, எழுந்து, குதிக்கிறது. 1930கள்ல ராயல் பர்பின்னு ஒரு அமெரிக்கர், உடல் தகுதியைச் சோதிக்கிற சின்ன டெஸ்ட்டா உருவாக்கினது. நூத்துக்கணக்குல செய்யறதுக்காக அவர் அதைக் கண்டுபிடிக்கல. ரெண்டாவது ரவுண்டு ஆறாவது பர்பியில அவரை மனசார நினைச்சுக்கிட்டேன். மகளோட வாட்ச் 168 காட்டுச்சு. 220ல இருந்து வயசைக் கழிச்சா எனக்கு 172. "பேச முடியுதா சார்?"னு கோச் கேட்டான். "ம்" மட்டும்தான் வந்துச்சு. பேச முடியும், ஆனா பாட முடியாதுன்னா மிதமான பயிற்சி. நாலு வார்த்தைக்கு மேல பேச முடியலைன்னா கடுமையான பயிற்சி. நான் அதையும் தாண்டியிருந்தேன். உக்கார வச்சுட்டான். மனைவி அஞ்சாவது ரவுண்டுல இருந்தாங்க, என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் பரவாயில்லை. அதுக்கு மறுநாள்தான் ஆட்டம். இந்தியன் டாய்லெட்ல உக்காந்துட்டு எழுந்திருக்கக் குழாயைப் பிடிக்க வேண்டியிருந்துச்சு. இது லாக்டிக் ஆசிட் தேங்கினதால வர்ற வலி இல்லை, அது ஒரு மணி நேரத்துலயே போயிடும். தசை நார்கள்ல நுண்ணிய கிழிசல், அதனால வர்ற வீக்கம். ஒண்ணுல இருந்து மூணு நாளைக்குள்ள உச்சத்துக்கு வந்து அடங்கும். ஆனா தசை பயங்கரமா வீங்கி, சிறுநீர் கோலா நிறத்துல போனா வீட்டுல இருக்காதீங்க. தசை சிதைஞ்சு கிட்னியை அடைக்கிற நிலை அது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. "வலிக்குமே"ன்னு முன்னாடியே வலி மாத்திரை போட்டுட்டுப் பயிற்சிக்குப் போறதும் வேண்டாம், அதுவும் கிட்னிக்குச் சுமைதான்.

மூணாவது வாரத்துல இருந்து எனக்கு ஜாலியா ஆயிடுச்சு. முதல்ல அங்க நான் "அக்காவோட வீட்டுக்காரர்". நான் டாக்டர்னு தெரிஞ்சதும் ஆளாளுக்கு ரிப்போர்ட் கொண்டு வர ஆரம்பிச்சாங்க. "சார், என் எல்டிஎல்லை ஒரு தடவை பாருங்க." கிளாஸ் முடிஞ்சு இருபது நிமிஷம் அங்கயே ஒரு ஓபி. கோச்சுக்கு வேற முழங்கால் உடற்கூறு பாடம் எடுத்தேன். நடுநடுவுல "என் டவல் எங்கம்மா?", "பாட்டில்ல தண்ணி ஊத்தினியா?"

அஞ்சாவது வாரம், கார்ல வரும்போது மனைவி சொன்னாங்க: "ரெண்டு வருஷமா அந்த ஒரு மணி நேரம்தான் யாரும் என்னை எதுவும் கேக்காம இருந்தாங்க. சாக்ஸ் எங்க, சாவி எங்க, டிபன் என்னன்னு ஒண்ணும் கிடையாது. இப்ப அங்கயும் நீங்க வந்துட்டீங்க." கோபமா சொல்லல. ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கிட்டே சொன்னாங்க. "உங்களை வர வேணாம்னு சொல்லவும் முடியல. பிபியைப் பார்த்தேனே."

சிக்னல்ல நின்னோம். எனக்குச் சொல்ல ஒண்ணும் வரல. அந்த அடி வாங்குற இடம் ஜோக்கை எத்தனை பேர் முன்னாடி சொல்லியிருப்பேன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்.

இப்ப நான் ஆறே முக்கால் பேட்ச். வாரம் மூணு நாள், மத்த நாள்ல நடை. எடை மூணு கிலோதான் குறைஞ்சிருக்கு. பிபி 126/80, மாத்திரை தொடருது. டவலை நானே எடுத்து வைக்கிறேன். ரிப்போர்ட் கொண்டு வர்றவங்களை கிளினிக்குக்கு வரச் சொல்லிட்டேன்.

அவங்க வெளிய வர்ற நேரமும் நான் உள்ள போற நேரமும் ஒண்ணு. வாசல்ல, வேர்வையோட, ஒரு நிமிஷம் பார்த்துக்குவோம். நேத்து கேட்டேன், "இன்னைக்கு போர்டுல என்ன?"

"சொல்ல மாட்டேன். உள்ள போய்ப் பாருங்க"ன்னு சொல்லிட்டு ஸ்கூட்டியை எடுத்தாங்க.