உலர்ந்த தூரிகையின் தடம்

தூரிகை ஒரு கோட்டை இழுத்துச் செல்லுகையில் மை தீர்ந்துகொண்டே வருகிறது. தொடக்கத்தில் கறுப்பு நிறைந்து நிற்கும். முடிவை நெருங்க நெருங்க மயிரிழைகள் பிரிந்து, இடையிடையே தாளின் வெண்மை கீற்றுக் கீற்றாய்த் தலைகாட்டும். சீன எழுத்தோவியர்கள் இதற்குப் 'பறக்கும் வெண்மை' என்று பெயரிட்டிருக்கிறார்கள். மை படாத இடத்துக்கும் ஒரு பெயர்! கணினியில் வரையப்படும் தூரிகை எழுத்துகள் பெரும்பாலும் தோற்றுப்போவது அந்த இடத்தில்தான்.

எங்கள் வாசகர் வட்டம் வெளியிடும் சிறுநூல்களுக்கென ஓர் இலச்சினை தேவைப்பட்டபோது, 'அ' என்னும் ஒற்றை எழுத்தே போதும் என முடிவு செய்தோம். ஓவியர் ஆதிமூலம் (1938–2008) நூல் அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் எழுதிய எழுத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அச்செழுத்து எங்களுக்கு உவக்கவில்லை.

முதலில் கணினியிலேயே முயன்றோம். ஆயத்தமான ஒரு தீற்றலை வளைகோட்டின்மேல் நீட்டிப் பொருத்தும் வசதி இல்லஸ்ட்ரேட்டரில் உண்டு. நேர்கோட்டில் அது அழகு. 'அ'வின் சுழியிலோ தீற்றல் தன்மேல் தானே மடிந்து கசங்குகிறது. ஒரே தீற்றலை மூன்று கோடுகளுக்கு இட்டால் ஒரே கீறல் மூன்றிடத்திலும் அச்சடித்தாற்போல் நிற்கும். 2010இல் அம்மென்பொருளில் சேர்ந்த மயிரிழைத் தூரிகையோ ஒளி ஊடுருவும் அடுக்குகளைக் குவிப்பது. ஒற்றை நிற இலச்சினைக்கு ஆகாது.

ஆகவே தாளுக்கே திரும்பினோம். வட்டத்தின் மூத்த நண்பர் ஒருவர் பல்லாண்டுகள் விளம்பரப் பலகை எழுதியவர். கை நடுக்கம் கண்டபின் தூரிகையைத் தொடாதிருந்தார். எங்கள் வற்புறுத்தலுக்கு இணங்கி ஒரு மாலை முழுதும், தாளுக்கு ஒரேயொரு முறை மை தோய்த்து, 'அ' எழுதித் தந்தார். சுழியில் மை ததும்பியது. இறுதி நெடுங்கோட்டில் உலர்ந்து பிரிந்தது. அவற்றுள் ஒன்றை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, சாம்பல் நிறங்களைக் கறுப்பு, வெள்ளை என இரண்டாக்கி, இங்க்ஸ்கேப்பில் தடமெடுத்தோம்.

ஆயிரக்கணக்கில் புள்ளிகள் முளைத்தன. தாளின் சொரசொரப்பெல்லாம் கோடாகியிருந்தது. புள்ளிகளைக் குறைக்கும் கட்டளையை ஒருமுறை அழுத்தினோம், சொரசொரப்பு அடங்கியது. மறுமுறை அழுத்தியதும் நெடுங்கோட்டின் ஓரத்திலிருந்த மெல்லிய அலையும் மறைந்தது. அது அவருடைய கை நடுக்கம்.

எங்களுக்குள் வாதம் எழுந்தது. வழவழத்த அவ்வெழுத்து, ராய் லிக்டென்ஸ்டைன் 1965–66இல் வரைந்த தூரிகைத் தீற்றல் ஓவியங்களைப் போலிருந்தது. உணர்ச்சிமிக்க தீற்றலைக் கேலி செய்யவே அவர் அப்படி இறுக்கமாக வரைந்தார்; எங்களுக்கு அந்த நோக்கமில்லை. ஆனால் எழுதியவரே, "அந்த நடுக்கத்தை எடுத்துடுங்க தம்பி, பலகை எழுதினவன் கோடு இப்படியா இருக்கும்?" என்று கேட்டார். அவர் தொழிலின் மானத்தை மறுத்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

வழியைக் காட்டியது அளவுதான். நூலின் முதுகில் 6 மில்லிமீட்டர் உயரத்தில் அச்சிட்டால் நுண்ணிய கீற்றுகளில் மை அடைத்துக்கொள்ளும். எனவே அதற்கெனத் தனி வடிவம் செய்தோம்: இரண்டே கீற்றுகள், சற்றே அகலமாக, ஓரம் சீராக. அட்டைக்கும் பதாகைக்கும் உரிய பெரிய வடிவில் அலையை அப்படியே விட்டோம்.

இரண்டையும் அச்செடுத்து அவரிடம் கொடுத்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பெரியதின் அடியில் ஒரு வெண்புள்ளியைச் சுட்டி, "இது தூரிகை விட்டது இல்ல, தாள்ல இருந்த தூசி" என்றார். நீக்கினோம். நடுக்கத்தைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.